குளிரில் எண்ணாகிப்போன எழுத்துகள்

"துய்ஷோகிட்ட ஒரு கோளாறோட போனா ரெண்டு கோளாறோட வரலாம்."

நரின் என்ற மலையூரின் பஜாரில் இந்தப் பேச்சுக்கு வயது ஆறு. பெற்றெடுத்தவர் ஆடு மேய்க்கும் ஓர்மோன். ஒரு கல்யாண விருந்தில், பெரிய தட்டில் இறைச்சி வந்து எல்லோர் வாயும் அடைத்திருந்த நேரம் பார்த்து, தன் பழைய பொத்தான் போனைத் தூக்கிக் காட்டி அவர் சொன்னார். கூடமே சிரித்தது. துய்ஷோவின் மாமனார்கூடச் சிரித்தார், அதுவும் புரையேறும்வரை.

அந்தப் போனைத் தன் பழுதுக்கடையில் துய்ஷோ மூன்று தடவை தட்டிச் சோதித்திருந்தான். மூன்று தடவையும் எல்லாப் பொத்தானும் சொன்ன பேச்சைக் கேட்டது. "மலைக்குக் கொண்டு போனா தானா நம்பர் அடிக்குது" என்பார் ஓர்மோன். இங்கே அடிக்கவில்லையே. இல்லாத கோளாறை எங்கே போய்ச் சரிசெய்வது? "நல்லா இருக்கு பாய்கே, கொண்டு போங்க" என்றான்; பாய்கே என்றால் அண்ணன். அது ஒரு குற்றமா? எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், தானாகத் தொழில் கற்று, பஜாரில் ஒரு தகரப்பெட்டிக் கடை போட்டு, ஊரில் பாதிப் பேருடைய போனுக்கு உயிர் கொடுத்தவன். அவனுக்குக் கிடைத்த பட்டம் அது. ஆறு வருஷமாக அது அவனுக்குச் செரிக்கவில்லை.

அந்த ஓர்மோன் ஒரு திங்கட்கிழமை, மேலங்கிக்குள் எதையோ குழந்தைபோல் அணைத்துக்கொண்டு அதே கடை வாசலில் வந்து நின்றார்.

இடைப்பட்ட காலத்தில் மனிதர் நிறையப் பட்டிருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால் மார்ச் மாதப் பனிப்புயலில் முந்நூறு ஆட்டைக் கொட்டிலில் சேர்த்துவிட்டு, சேர்த்த கையின் மூன்று விரலைக் குளிருக்குக் கொடுத்தார். வலது கையில் மிஞ்சியது கட்டைவிரலும் சுண்டுவிரலும். ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரன் கணினிப் பித்தன். அவனிடம் பொழுதுபோக்காக லினக்ஸ் இயங்குதளம் பழகினவர், வீடு திரும்பியதும் ஒரு பெண்குதிரையைக் கொடுத்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கைக்கணினி வாங்கினார். அவர் மனைவி புர்மாகான் ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் பேசினாள்: "குதிரை இருந்தா அடுப்பெரிக்கச் சாணியாவது போடும். இது என்ன போடும்?"

அது வேலை போட்டுக் கொடுத்தது. கணவாய் உச்சியில் பனி அளக்க ஆள் வேண்டும் என்று சாலை அலுவலகம் தேடிக்கொண்டிருந்தது. குளிர்காலம் முழுக்க அங்கே கிடக்க யாருக்குப் பைத்தியம்? ஓர்மோன் போனார், புர்மாகானும் போனாள். மூன்று மணிக்கு ஒருமுறை அளவுகோல் அருகில் நின்று, பனியின் உயரத்தையும் காற்றின் திசையையும் கைக்கணினியில் தட்டினால், கோலில் மாட்டிய இருவழி வானொலிப் பெட்டி அதைக் கீழே அனுப்பிவிடும். அதை வைத்துத்தான் சாலையைத் திறப்பதும் மூடுவதும்.

"இப்ப என்ன, தானா நம்பர் அடிக்குதா?" என்றான் துய்ஷோ. குரலில் ஆறு வருஷம் இருந்தது.

ஓர்மோன் சிரிக்கவில்லை. "ஆமா."

கோபம் இருந்தாலும் வந்தவர் விருந்தாளிதான். துய்ஷோ கைக்கணினியை வாங்கி அடுப்போரம் வைத்துவிட்டுத் தேநீர் ஊற்றினான். இரண்டு கிண்ணம் உள்ளே போகும்வரை வேலையைப் பற்றிப் பேசுவது அந்த ஊரில் வழக்கமில்லை.

பிறகு ஓர்மோன் விஷயத்தைச் சொன்னார். விசைப்பலகைக்குள் தனியாக ஒரு குட்டிச் சில்லு உண்டு. எந்த விசை அமுங்கினால் எந்த எழுத்து போகவேண்டும் என்பதை அதற்குள் இருக்கும் நிரல்தான் முடிவு செய்யும். ஃபர்ம்வேர் என்பார்கள். கடையிலிருந்து வந்த ஃபர்ம்வேர் பத்து விரல்காரர்களுக்கானது. இடது கை கணினியைப் பிடித்திருக்க, வலது கையின் இரண்டு விரலுக்கு அது ஒத்துவரவில்லை. இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் கேட்டுக் கேட்டு, ஓர்மோன் தானே ஒன்றை எழுதி ஏற்றியிருந்தார். ஒரே விசையைத் தட்டினால் எழுத்து, கால் நொடிக்கு மேல் அழுத்திப் பிடித்தால் எண். கை எட்டும் பத்துப் பன்னிரண்டு விசைக்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

"நீங்களே எழுதுனதா?" துய்ஷோவால் நம்ப முடியவில்லை.

"ஆடு மேய்ச்சவன் எழுதக் கூடாதா?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"மூஞ்சி சொல்லுது."

போன வியாழன் பனி எண்பத்து நாலு சென்டிமீட்டர். அதை அடுத்து காற்றின் திசைக்கு ஒரு எழுத்து. அந்த எழுத்து ஆறாக மாறிப் போய் ஒட்டிக்கொள்ள, கீழே போனது எண்ணூற்று நாற்பத்தாறு. எட்டு மீட்டர் பனி! சாலையை மூடிவிட்டார்கள். நிலக்கரி லாரிகள் அரைநாள் வரிசையில் நின்றன. ஓட்டுநர்கள் ஓர்மோனின் ஏழு தலைமுறையையும் பெயர் சொல்லி விசாரித்தார்கள்.

"சனிக்கிழமை வரைக்கும் சாலை ஆபீஸ்காரங்க பாப்பாங்களாம். அதுக்குள்ள இன்னொரு தப்பு வந்தா வேற ஆளை ஏத்திட்டு வந்து என்னை இறக்கிட்டுப் போவாங்களாம்." ஓர்மோன் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டே சொன்னார். "இந்தக் கைக்கு வேற யாரு வேலை குடுப்பா?"

துய்ஷோ கைக்கணினியை எடுத்துத் தட்டினான். இருபது தடவை, ஐம்பது தடவை. எழுத்து எழுத்தாகவே வந்தது. 'நல்லா இருக்கு, கொண்டு போங்க' என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினான். இன்னொரு பட்டத்துக்கு அவனிடம் இடமில்லை.

நிரலைத் திறந்து உதட்டை அசைத்து வரிவரியாகப் படித்தான். வீட்டில் எழுதின நிரல், கோளாறு அதில்தான் இருக்கும் என்று மனசு முன்பே தீர்ப்பு எழுதிவிட்டது. விசை அமுங்கும்போது மின்தொடர்பு ஒட்டி விலகித் துள்ளும், அந்தத் துள்ளல் அடங்கக் காத்திருக்கும் நேரம் குறைவாக இருந்தது. அதைக் கூட்டி ஏற்றினான். ஓர்மோன் அதை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மலையேறினார்.

புதன்கிழமை ஓர்மோனிடமிருந்து போன் வந்தது. "பழைய கதைதான்." நல்லவேளை, அனுப்புமுன் கண்ணில் பட்டதால் அழித்து அழித்து ஒவ்வொரு அறிக்கையையும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். துய்ஷோ கால் நொடியை அரை நொடியாக்கச் சொன்னான். ஓர்மோன் தானே மாற்றி ஏற்றினார். பகலெல்லாம் ஒழுங்காக ஓடியது. வியாழன் விடியலில், குளிர் இறுகின நேரம், மறுபடி எழுத்தெல்லாம் எண்.

"வீட்டுக்குள்ள அடிச்சா வருதா?" என்று கேட்டான் துய்ஷோ.

"வீட்டுக்குள்ள அது உன்னைவிட ஒழுக்கமானது."

வெள்ளிக்கிழமை காலை கடையைச் சாத்திவிட்டு ஒரு நிலக்கரி லாரியில் தொற்றிக்கொண்டான் துய்ஷோ. "எங்கே?" என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டதற்கு, "இன்னொரு கோளாறு வாங்கிட்டு வர" என்றான்.

கணவாய்க் குடிலில் புர்மாகான் கிண்ணம் நிரம்பத் தேநீர் ஊற்றி நீட்டினாள். அரைக்கிண்ணம் ஊற்றினால் இரு என்று அர்த்தம். நிரம்ப ஊற்றினால், குடி, கிளம்பு.

"ஜெங்கே, நான் இப்பத்தானே வந்தேன்!" என்றான். ஜெங்கே என்றால் அண்ணி.

"உங்க ரெண்டு பேராலயும் நாளைக்கு நானே மூட்டை கட்டணும். உனக்கு எதுக்கு அரைக்கிண்ணம்?"

கைக்கணினியை வழக்கம்போல் அடுப்போரம் வைத்தார்கள், வழக்கம்போல் குடித்தார்கள். குடித்துவிட்டுத் தட்டிப் பார்த்தால், வழக்கம்போல் எழுத்து எழுத்தாக வந்தது. துய்ஷோவுக்குப் பொறுமை போய்விட்டது. "பாய்கே, மெஷின் நல்லாருக்கு, நிரலும் நல்லாருக்கு. உங்க கைதான் பொய் சொல்லுது."

புர்மாகான் கரண்டியைக் கீழே வைத்தாள். ஓர்மோன் தன் கையைப் புரட்டிப் பார்த்தார். "இருக்கலாம்" என்றார் மெதுவாக. சண்டைக்கு வந்திருந்தால் துய்ஷோவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பன்னிரண்டு மணி அறிக்கைக்கு ஓர்மோன் எழுந்தார். கிண்ணத்தில் பாதி இருக்கும்போதே துய்ஷோவும் எழுந்தான். புர்மாகான் முறைத்தாள், தேநீரைப் பாதியில் விட்டுப் போகிறவனை அவள் பார்த்ததில்லை.

வெளியே மூக்குமயிர் உறைகிற குளிர். அளவுகோல் குடிலிலிருந்து கால்மணி நடை. போகும்வழியில் ஓர்மோன் கைக்கணினியை மேலங்கிக்குள் வைக்காமல் கையில்தான் பிடித்திருந்தார். அளவைப் பார்த்தார். கையுறையைக் கழற்றினார். பிறகு சட்டைப்பையிலிருந்து தட்டையான டப்பா ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த வெள்ளைப் பிசுக்கை வழித்து, அறுபட்ட விரல்முனைகளிலும் மிஞ்சிய இரண்டு விரலிலும் தேய்த்தார். ஆட்டு வால்கொழுப்பு. குளிருக்கு அதைவிட்டால் மருந்து கிடையாது. ஆடு மேய்க்கிறவன் தாயிடம் பால் குடிக்கும்போதே பழகுகிற பழக்கம். அதே கையோடு விசையைத் தட்டினார்.

"குடுங்க அதை!" துய்ஷோ பிடுங்கினான்.

ஒரு விசையை அமுக்கிவிட்டு விரலை எடுத்தான். விசை வரவில்லை. அப்புறம் விருந்து சாப்பிட்டவன் எழுந்திருப்பதுபோல, ஆடி அசைந்து, மெல்ல மேலே வந்தது. திரையில் எண். இன்னொன்று, அதுவும் எண்.

கொழுப்பு விசைக்கடியில் இறங்கிக் குளிரில் கெட்டியாகி, விசையை எழவிடாமல் பிடிக்கிறது. விரல் போய்விட்டது, ஃபர்ம்வேருக்கு அது எப்படித் தெரியும்? 'இன்னும் அழுத்திப் பிடித்திருக்கிறான்' என்று எண்ணை அனுப்புகிறது. நிரல் தன் கடமையைத்தான் செய்தது. நெஞ்சோடு அணைத்துக் கொண்டுபோய் அடுப்போரம் வைத்து, இரண்டு கிண்ணம் தேநீர் முடிப்பதற்குள் கொழுப்பு இளகிவிடும், கோளாறு ஒளிந்துகொள்ளும். மரியாதையாக அவன் ஊற்றிக் கொடுத்த தேநீர்தான் இத்தனை நாள் அவன் கண்ணைக் கட்டியிருந்தது.

அறிக்கையை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அனுப்பிவிட்டு இருவரும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார்கள். துய்ஷோ திருகாணிகளைக் கழற்றி ரப்பர் விரிப்பை உரித்தான். அடியில் மஞ்சளாகப் படிந்திருந்தது. "ஜெங்கே, வோட்கா இருக்கா?"

"விருந்தாளிக்குன்னு ஒண்ணு இருக்கு."

"விருந்தாளி நான் இல்ல, இதுதான்." கொழுப்புக் கரைய அரைப் புட்டியை விசைப்பலகை குடித்தது.

"இனிமே கொழுப்புத் தேய்க்க மாட்டேன்" என்றார் ஓர்மோன்.

"மிச்சம் இருக்கற ரெண்டு விரலும் போகவா? தேய்ங்க. நான் நிரலை மாத்தறேன்."

கொழுப்பு மறுபடி இறங்கும், விசை மறுபடி சோம்பும். அப்படியென்றால் எவ்வளவு நேரம் அமுங்கியது என்பதை ஃபர்ம்வேர் பார்க்கவே கூடாது. எண் வேண்டுமானால் ஓரத்து விசையை ஒருமுறை தட்டிவிட்டு அடுத்ததைத் தட்டட்டும். எது முன்னால், எது பின்னால், அவ்வளவுதான் கணக்கு. விசை படுத்துக் கிடந்தாலும், அமுங்கியதும் போன எழுத்து போனதுதான். இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து எழுதினார்கள். துய்ஷோ தடுமாறிய இரண்டு இடத்தில் ஓர்மோனின் சுண்டுவிரல் நீண்டு திருத்தியது. துய்ஷோ திருத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டான்.

ஏற்றி முடிக்கும்போது மணி இரண்டேகால். தட்டினான். எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை. மொத்தமும் ஊமை.

ஓர்மோன் தாடையைச் சொறிந்தார். "ஒரு கோளாறோட போனா..."

"முடிக்காதீங்க பாய்கே!"

துய்ஷோவுக்குக் காது சிவந்தது. மறுபடி ஏற்ற நேரமில்லை. கைக்கணினியைக் கையில் புரட்டினான். ஃபர்ம்வேர் ஏற்றும்போது தள்ளிவைக்க வேண்டிய குட்டிச் சுவிட்ச் முதுகுப் பக்கம் இன்னும் தள்ளினபடியே இருந்தது. நகத்தால் திருப்பினான். கணினியை அணைத்து மறுபடி போட்டான். எழுத்து வந்தது. ஓரத்து விசையைத் தட்டி அடுத்ததைத் தட்டினான். எண் வந்தது.

"அடுப்போரம் வை, தேநீர் ஊத்தறேன்" என்றாள் புர்மாகான், நிம்மதியில்.

"ஐயோ ஜெங்கே, வேண்டாம்!" அவன் அதை வெளியே கொண்டுபோய்ப் பனிமேல் வைத்தான். கால்மணி நேரம் இருவரும் அதன் இரண்டு பக்கமும் காலை மாற்றி மாற்றி நின்றார்கள். பிறகு ஓர்மோன் டப்பாவைத் திறந்தார். துய்ஷோ தானே வழித்து ஒவ்வொரு விசையிலும் தாராளமாகப் பூசினான்.

மூன்று மணிக்கு அளவுகோலருகே ஓர்மோன் தட்டினார். விசைகள் கிழட்டு ஆடுகள்போல ஒவ்வொன்றாக எழுந்தன. அவை எழும்முன்பே எழுத்து அதனதன் இடத்தில் போய் நின்றது. எண்பத்தாறு, அடுத்து காற்றின் எழுத்து. அனுப்பினார். வானொலிப் பெட்டியில் கீழே சாலை அலுவலகத்தின் குரல் கரகரத்தது.

"கணவாய், சுத்தமா வந்திருக்கு. பன்னிரண்டு மணியோடதும் சரி. இப்படியே வந்தா நாளைக்கு எதுக்கு ஆள் அனுப்பணும்? அப்படியே இருங்க."

ஆறு மணி அறிக்கையும் சரியாகப் போனது. புர்மாகான் இந்தமுறை துய்ஷோவுக்கு அரைக்கிண்ணம் ஊற்றினாள், தீரத் தீர மறுபடி அரை. காலையில் லாரி வரும்வரை அவனுக்கு அங்கேதான் படுக்கை. மூன்று மணிக்கு ஒருமுறை எழுந்து போய்வந்த ஓர்மோன், ஒவ்வொரு தடவையும் அவன் தலைமாட்டில் நின்று, "சரியாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தார்.

காலையில் லாரி ஒலியெழுப்பியது. துய்ஷோ ஏறி உட்கார்ந்த பிறகு ஓர்மோன் குடிலுக்குள் ஓடிப்போய் வந்தார். கையில் ஒரு பொத்தான் போன். கல்யாணக் கூடத்தில் அவர் தூக்கிக் காட்டிய அதே போன். பொத்தான்களின் இடுக்கெல்லாம் அதே கொழுப்பு மஞ்சளாகப் படிந்திருந்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். மன்னிப்பு என்ற சொல்லை ஓர்மோன் வாழ்நாளில் யாரிடமும் பயன்படுத்தியதில்லை, அன்றும் பயன்படுத்தவில்லை. போனை ஜன்னல் வழியாக துய்ஷோவின் மடியில் போட்டார்.

"சந்தை நாள்ல, கூட்டம் இருக்கறப்ப, முதல்ல பனியில வை. அப்புறம் எல்லாரும் பாக்கற மாதிரி இதைப் பிரி. யாரு போனு, யாரு கொழுப்புன்னு கேப்பாங்க. சத்தமா என் பேரைச் சொல்லு."