கதவைச் சாத்தியவளுக்கு என்ன ஆயிற்று

மார்கழி பிறப்பதற்கு முன்பே எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கதைகள் தொடங்கிவிடும். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற குடும்பம். டிசம்பர் பிறந்ததும், சாயந்திரம் அம்மா விளக்கேற்றிய பிறகு, நான் டிரங்குப் பெட்டியைத் திறந்து புத்தகங்களை எடுப்பேன். அண்ணன் மகளும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் பாயில் நெருக்கியடித்து உட்காருவார்கள். தினம் ஒரு கதை. கரும்பு வெட்டிவிட்டு வரும் அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டே கேட்பார். முதல் வருடம் டீக்கடையில் யாரோ மதம் மாறிட்டீங்களா என்று அவரைக் கேட்டிருக்கிறார்கள். எம் பொண்ணு படிக்கிது, நாங்க கேக்கறோம், இதுல இன்னா மாறுது என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தாராம்.

பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரு கதையைத்தான். நிறைமாதக் கர்ப்பிணி கழுதை மேல் வருகிறாள். ஊரெல்லாம் கூட்டம். விடுதிக்காரன் மனைவி இடமில்லை என்று கதவைச் சாத்துகிறாள். அதற்குப் பிறகு புத்தகம் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விடும். கதவைச் சாத்தியவளைப் பற்றி அதற்கு மேல் ஒரு வரிகூட இருக்காது. முதல் வருடமே அண்ணன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அத்தே, கதவ சாத்துனாளே, அவளுக்கு இன்னா ஆச்சி?"

புத்தகத்தில் இல்லாததை நான் படித்தேன். அவள் வீட்டுக் கிணறு உப்பாகிப்போனது. அடுத்த வருடம் அவள் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. அதற்கடுத்த வருடம் அவள் வீட்டுக் கதவு திறக்கவே முடியாமல் இறுகிவிட்டது. இப்போதெல்லாம் பிள்ளைகள் காத்திருப்பதே இந்த வருடத் தண்டனைக்காகத்தான். நானும் அதை வருடம் முழுக்க யோசித்து வைத்திருப்பேன். எனக்கு யோசிப்பதில் சிரமமே இல்லை. கதவைச் சாத்தியவளின் முகம் எனக்குத் தெரியும். எங்கள் ஊரில்தான் இருக்கிறார்.

பெரிய வீட்டம்மா என்று எல்லாரும் சொல்லுவோம். கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்புக் கொல்லைகளும் நெல்வயல்களும் அவர்களுடையவை. நாற்று நட்டதும் களை எடுத்ததும் எங்கள் தெருப் பெண்கள். அந்த வீட்டு மாட்டுக்கொட்டகையைக் கூட்டி அள்ளுவது கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் அம்மாவின் வேலை. அவர்கள் எங்கள் தெருவுக்குள் வருவதில்லை. ஆள் வேண்டுமென்றால் தெரு முனையில் புங்க மரத்தடியில் நின்று பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எங்கள் ஆட்கள் செய்வதைப் போட்டுவிட்டு ஓடுவார்கள்.

அந்தம்மா சின்ன வயதில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தவர். தன் பிள்ளைகளையும் கள்ளக்குறிச்சியில் கான்வென்டில்தான் போட்டார். அரையாண்டு லீவு விட்டதும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் கிறிஸ்துமஸ் கதை நடக்கும். அந்தம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து படிப்பார். பிள்ளைகள் காலடியில். கூடத்து ஜன்னல் மாட்டுக்கொட்டகைப் பக்கம் திறந்திருக்கும். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள். அம்மா சாணி அள்ள, நான் ஜன்னலுக்குக் கீழே வைக்கோல்மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் கதையில் கழுதை ஏதோ குறும்பு செய்தது. அந்தப் பிள்ளைகள் சிரித்தபோது நானும் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

கூடத்தில் சத்தம் நின்றது. அந்தம்மா ஜன்னலுக்கு வரவில்லை. கூடத்துக்கு நேரே இருக்கும் பின்கட்டுப் படிக்கு எங்கள் இருவரையும் வரச் சொன்னார். அம்மா சாணிக் கையோடு வந்து நின்றாள். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தாள். அந்தம்மா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கத முடியட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் அங்கியே நில்லுங்க."

நின்றோம். அவர் நிதானமாகப் படித்தார். படம் வந்தபோதெல்லாம் புத்தகத்தைத் திருப்பித் தன் பிள்ளைகளுக்குக் காட்டினார். பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு எங்களையும் பார்த்தார்கள். அம்மாவின் கையில் சாணி காய்ந்து வெடிப்பு விட்டது. கதவைச் சாத்திய இடத்தை அவர் எவ்வளவு உருக்கமாகப் படித்தார் தெரியுமா. குரல்கூடக் கம்மியது. கதை முடிந்ததும் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கேட்டாயிற்றல்லவா, போய் வேலையைப் பார் என்றார். பெண்ணுக்கு நாற்று நடப் பழக்கு, கதை கேட்கப் பழக்காதே என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா சரிங்கம்மா என்றாள்.

கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்தபோது இதை ஒரு தோழியிடம் சொன்னேன். அந்தம்மா படிக்கவில்லையென்றால் உனக்குக் கதைமேல் ஆசையே வந்திருக்காதே, மன்னித்துவிடேன் என்றாள். அவளோடு ஒரு வாரம் பேசவில்லை. மன்னிப்பதற்காக நான் படிக்கவில்லை. இன்று தனியார் பள்ளி ஒன்றில் டீச்சர். காலையில் டவுன் பஸ்ஸில் போய் சாயந்திரம் திரும்புகிறேன். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குப் புடவை எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கத்துப் பழைய புத்தகக் கடையில் ஒரு கிறிஸ்துமஸ் கதைப் புத்தகம் வாங்கினேன். அந்த வீட்டின் வழக்கத்தை எடுத்து என் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். வைத்துக்கொண்டேன்.

ஆனால் அது போதவில்லை. அந்தம்மா எங்கள் வீட்டுக்குள் வர வேண்டும், அவர் வரும்போது என் அம்மா உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். கொட்டகை வேலையை விட்டுவிடு என்று அம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். மாடு ஒனக்கு இன்னாடி பண்ணுச்சி என்று கிளம்பிவிடுவாள். அந்தம்மா முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

போன டிசம்பரில் வழி தானாகத் திறந்தது. பெரிய வீட்டுப் பேத்தி சென்னையிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். அம்மாவோடு கொட்டகைக்குப் போன அண்ணன் மகள் அவளுக்குக் கழுதைக் கதையைப் பாதி சொல்லிவிட்டு, மீதிய எங்க அத்தைதான் படிப்பாங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கதவைச் சாத்தியவளின் கிணறு உப்பானதையும் சொல்லியிருக்கிறாள். எங்கள் பாட்டி புத்தகத்தில் அப்படி இல்லையே என்று அந்தப் பிள்ளை அழுது சோறு தின்ன மறுத்துவிட்டதாம்.

அவர்கள் வீட்டு டிராக்டர் ஓட்டுபவர் எங்கள் தெருக்காரர், எனக்குச் சித்தப்பா முறை. புத்தகத்தை ஒரு நாளைக்குக் கொடுத்தனுப்பச் சொன்னார்கள் என்று வந்தார். புத்தகம் வீட்டைத் தாண்டாது என்றேன். சரி, பாப்பாவை மட்டும் கூட்டிவந்து விடட்டுமா என்றார். சின்னப் பிள்ளை, தனியாக வேண்டாம், அவர்கள் வீட்டுப் பெரியவர் யாராவது கூட வந்து உட்கார்ந்து கேட்கட்டும், எங்கள் வீட்டு வழக்கம் அது என்றேன். அந்த வழக்கம் நான் அதைச் சொன்ன நொடியில்தான் பிறந்தது. சித்தப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"நீ கதைக்குக் கூப்ட்ற மாரி தெரில. பஞ்சாயத்துக்குக் கூப்ட்ற மாரி கீது."

மறுநாள் சாயந்திரம் அந்தம்மா வந்தார். பேத்தியின் பிடிவாதம் அப்படி. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. நான் எதிர்பார்த்து அம்மாவை முன்னாலேயே சுவரோரம் உட்கார வைத்திருந்தேன். அண்ணன் மகளை அவள் மடியில் ஏற்றியிருந்தேன். அந்தம்மாவின் நிழல் நிலைப்படியில் விழுந்ததுதான் தாமதம், அம்மா பிள்ளையை இறக்கிவிட்டு எழுந்துவிட்டாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மூலையில் ஒடுங்கி நின்றாள். அந்தம்மா உட்காரவில்லை. பேத்தியை மட்டும் பாயில் விட்டுவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை நிலைப்படிக்கு வெளியே நின்றார். அம்மாவும் நின்றாள். நான் படித்த கதை என் காதிலேயே விழவில்லை, தண்டனையைப் படிக்காமலே முடித்துவிட்டேன். அந்தம்மா நின்றது எனக்கு இனிக்கவில்லை. அவர் நின்றதால் அம்மாவும் நின்றாள், அவ்வளவுதான்.

அவர்கள் போனதும் ஏன் எழுந்தாய் என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

"நா எங்கடி ஏந்திரிச்சேன். ஒடம்பு தானா ஏந்திரிக்கிது."

அடுத்த நாள் விளக்கு வைக்கும் நேரம். சித்தப்பா தலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்தார். கைப்பிடி வைத்த, புதுக் கருக்கு அழியாத சிவப்பு நாற்காலி. பேத்தி இன்றும் வருமாம். பெரிய வீட்டம்மாவுக்கு முட்டி வலியாம், தரையில் உட்கார முடியாதாம், முன்னால் போய்ப் போட்டு வை என்றார்களாம். எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. கதைப் பாய்க்கு எதிரே அதைப் போட்டுவிட்டு, முட்டி வலி பெரியவூட்லியும் வருதுன்னு இன்னிக்கித்தான் தெரிஞ்சிக்கினேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

நான் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் தரையில் உட்காராமல் இருக்க அவர் தன் இருக்கையைத் தலையில் சுமக்க வைத்து அனுப்பியிருக்கிறார். இன்று அவர் உயரத்தில் உட்காருவார். நாங்கள் எல்லாரும் அவர் காலடியில். அந்தக் கூடத்து ஊஞ்சல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது போல் இருந்தது.

அம்மாவை உட்காரச் சொன்னேன்.

"அது அவங்க சேரு" என்றாள்.

எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது, இனி அதில் யார் உட்கார வேண்டும் என்று நாம்தான் சொல்ல வேண்டும் என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிள்ளைகள் வந்து உட்காரத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு நேரமில்லை. வேறு எதையும் சொல்லத் தெரியாமல், அன்று பின்கட்டுப் படியில் நின்றதை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மறந்துவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஒனக்குக் காலு கிடுகிடுன்னு நடுங்கிக்கினு இருந்துச்சி. தூக்கி இடுப்புல வெச்சிக்கலாம்னா கையெல்லாம் சாணி" என்றாள். "எனக்கு அது போதும் போதும்னு ஆயிடுச்சி."

பிறகு நாற்காலியைக் கையால் ஒரு முறை அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முதலில் நுனியில். பிறகு முதுகைச் சாய்த்து. காலை நீட்டிக்கொண்டாள். முப்பது வருடம் சேற்றில் நின்ற முட்டி அது. வலி என்று அவள் யாருக்கும் சொல்லி அனுப்பியதில்லை.

முதல் நாள் தண்டனை இல்லாமல் முடிந்த கழுதைக் கதையையே மறுபடி படிக்கத் தொடங்கினேன். விடுதிக்காரன் வீட்டுக் கதவு தட்டப்படும் இடத்தில் அந்தம்மா வந்தார். பேத்தி செருப்பைக் கழற்றி வீசிவிட்டு அண்ணன் மகள் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தம்மா உள்ளே ஒரு காலை வைத்தவர் நாற்காலியைப் பார்த்தார். அதில் இருந்தவளைப் பார்த்தார். அம்மாவின் விரல்கள் இரண்டு கைப்பிடியையும் இறுக்கிக்கொண்டன. அவள் உடம்பு எழுந்திருக்கப் பார்க்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அவள் அதைப் பிடித்து வைத்திருந்தாள். நான் படிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவள் எழுந்துவிடுவாள்.

"வாங்கம்மா" என்றாள் அம்மா. குரல் சிறுத்திருந்தது. ஆனால் உட்கார்ந்தபடிதான் சொன்னாள். "கீழ பாய் போட்டுக்கீது. ஒக்காருங்க."

அந்தம்மா பேத்தியைக் கூப்பிட்டார். பேத்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டார். சத்தம் போடாதீங்க பாட்டி, கதவ சாத்தப் போறாங்க என்றது பிள்ளை. வாசலுக்கு வெளியே எங்கள் தெரு முழுக்க நின்றுகொண்டிருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, பாயின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அந்த வருடத் தண்டனையை நான் வேறு மாதிரி யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டுவிட்டேன். கதவைச் சாத்தியவள் வயதான காலத்தில் மாட்டுக்கொட்டகை வாசலுக்கு வந்தாள், உள்ளே இடம் இருக்கிறதா என்று கேட்டாள், இருந்தது, ஆனால் கீழேதான் இருந்தது என்று படித்தேன். ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். படம் வந்தபோது புத்தகத்தைத் திருப்பி எல்லாருக்கும் காட்டினேன், அவருக்கும். அவர் நன்றாகப் படித்தவர். அந்தப் பக்கத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவள் பாவம் இல்லையா என்று பேத்தி கேட்டது. இல்லை என்றேன்.

மறுநாள் விடிந்ததும் சித்தப்பா நாற்காலியை எடுத்துப்போக வந்தார். அம்மா அதில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குப் போகும் நேரம் தாண்டியிருந்தது. எங்கள் பள்ளிக்கு இன்னும் லீவு விடவில்லை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் வந்த விஷயத்தைச் சொல்ல, அம்மா கீரைக்காம்பை உதறிவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அவங்களையே வந்து கேக்கச் சொல்லுப்பா. உள்ள வந்து."