அண்ணன் டிஸ்க்ல அடிச்ச போஸ்டர்

எங்கண்ணன் அனகாபுத்தூர்ல வூட்டுலயே கம்ப்யூட்டர் வச்சி டிடிபி பண்ணிகினு இருந்தான். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ஏரியால யார் செத்தாலும் அவன்கிட்டதான் ஓடி வருவாங்க. சுத்தி ஒரு பூங்கொடி பார்டர் வைப்பான், அவனே இழுத்து இழுத்து வரைஞ்சது. மஞ்சக்காமாலைல அவன் போனப்போ அவனுக்கு எவனோ போஸ்டர் அடிச்சான். மூஞ்சிய இழுத்து பூரி மாதிரி ஆக்கி வச்சிருந்தான். எனக்கு அழுகை வர்ல, கோவம்தான் வந்துச்சி. முப்பதாம் நாள் போஸ்டர நான் அடிக்கறேன், அவன் எழுத்துல, அவன் பார்டர்லன்னு முடிவு பண்ணிட்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் தாய்மாமா கம்ப்யூட்டர தூக்கி யாருக்கோ குடுத்துட்டாரு. செத்தவன் பொழங்கன பொருள் வூட்ல இருக்கக்கூடாதாம். இப்படி பண்ணுவாருன்னு தெரிஞ்சிதான் நான் முன்னாடியே ஸ்க்ரூ கழட்டி, ஹார்டு டிஸ்க்க உருவி, அவன் பனியன்ல சுத்தி பீரோவுல வச்சிருந்தேன்.

மாமா திரும்பி வந்து குதிச்சாரு. "பொட்டி ஆன் ஆவுதாம், உள்ள ஒண்ணும் வர்லன்றான். இன்னாடி பண்ண?"

"பொட்டியதானே குடுத்தீங்க மாமா. பொட்டி போச்சில்ல?"

"எட்டாவதோட நின்னவளுக்கு வாயப் பாரு!"

தாம்பரத்துல நான் டைப் அடிக்கப் போற கடைக்கு டிஸ்க்க எடுத்துகினு போனேன். ஓனர் சார் பாத்துட்டு சொன்னாரு, "வேற மெஷின்ல போட்ட விண்டோஸ் இதுல ஒழுங்கா வராதும்மா. ஃபைல மட்டும் காப்பி பண்ணிக்கோ, ஃபார்மேட் அடிச்சி புதுசா போட்டுடலாம்."

"ஃபார்மேட் பேச்சே வேணாம் சார்."

ஏன்னு அவர்கிட்ட சொல்ல எனக்குத் தெரியல. அவன் எதெத எங்கெங்க வச்சானோ அப்படியே வேணும். அத அழிச்சா இன்னொரு தபா அவன் செத்த மாதிரி.

முணுமுணுத்துகினே மாட்டிக் குடுத்தாரு. ஐகான்லாம் இட்லி சைஸ்ல வந்துச்சி. புது ஹார்டுவேர் இருக்கு, சிடி போடுன்னு கேட்டுச்சி. கேன்சல் அடிச்சேன். வேற ஒண்ணு கேட்டுச்சி. கேன்சல். அப்படியே தொங்கிப் போச்சி. ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன்.

"விடும்மா, கஸ்டமர் வெயிட் பண்றாங்க."

வுடல. சோறு துன்ற நேரத்துலயும் உக்காந்து கேன்சல் அடிச்சேன். கடைசில கேக்கறத நிறுத்திடுச்சி. சவுண்டு இல்ல. அவன் வாங்கணும்னு சொல்லிகினு இருந்த பைக் படம் பின்னால திட்டுத் திட்டா தெரிஞ்சிது. பார்டர் ஃபைல் அவன் வச்ச மூலைலயே இருந்துச்சி.

"கலரே வர்லியேம்மா?"

"செத்தவனுக்கு கருப்பு வெள்ளை போதும் சார்."

சார் கஸ்டமர வேற மெஷின்ல உக்கார வச்சாரு.

பிரஸ்ல இருந்து வந்ததும் மொத போஸ்டர மாமா வூட்டு காம்பவுண்டு செவுத்துலதான் ஒட்டுனேன். வெளிய வந்தாரு, பார்டர பாத்ததுமே அவருக்குப் புரிஞ்சிடுச்சி. "செத்தவன் டிஸ்க்ல அவனுக்கே போஸ்டரா? வேற செவுரு கெடைக்கலயா உனக்கு?"

"புடிக்கலன்னா கிழிச்சிப் போடுங்க மாமா."

தெருவே பாக்கசொல்ல கண்ணீர் அஞ்சலிய யாரு கிழிப்பா? அப்படியே நின்னாரு. நான் பசைய முக்கி, பக்கத்துலயே இன்னொண்ணு ஒட்டுனேன்.