பிரிக்பீல்ட்ஸில் லோரி நிறுத்த ஓர் இடம்

லோரி ஓட்டுவது பெரிய காரியமில்லை, அதை நிறுத்துவதுதான் எங்கள் தொழில். கிள்ளான் துறைமுகத்திலிருந்து கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றி வருகிறவர்களுக்கு இதை நான் சொல்லவே வேண்டாம்.

சீக்கிரம் போன குற்றம்

கல்யாணத்துக்கு முன்பு சிங்கப்பூருக்குச் சரக்கு ஓட்டினேன். அங்கே பெரிய கட்டடம் என்றால் சரக்கு இறக்கப் பின்பக்கம் தனி இடம் உண்டு. எப்போது வரவேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஒருநாள் ஜொகூர் பாலத்தில் நெரிசலே இல்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்த பெருமையில் ஹாரன் அடித்தேன். காவலுக்கு இருந்த அங்கிள் கேட்டைத் திறக்கவில்லை.

"தம்பி, லேட்டா வந்தாலும் தப்பு, சீக்கிரம் வந்தாலும் தப்பு. ஒரு ரவுண்டு சுத்திட்டு வா லா."

பெரிய யானை

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் சுற்றிச் சுற்றி வந்தாலும் இடம் கிடைக்காது. அங்குள்ள ரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) மையத்துக்குச் சிகிச்சைத் திரவப் பெட்டிகள் கொண்டுபோன அன்று, வாசலில் இரண்டு வரிசையாகக் கார்கள். உள்ளே கையிருப்பு தீரப்போகிறது என்று நர்ஸ் ரோட்டுக்கே ஓடி வந்துவிட்டார். லோரியை மெயின் ரோட்டில் நிறுத்தி, பெட்டிகளைத் தள்ளுவண்டியில் வைத்து வெயிலில் இழுத்தோம். நேரத்துக்குச் சேர்த்துவிட்டோம்.

கூட வந்த முருகேசன் சென்னையிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். அங்கே பகலில் பெரிய லோரியை ஊருக்குள் விடமாட்டார்களாம். வெளியிலேயே இறக்கி, சின்ன வண்டியில் மாற்றி அனுப்புவார்களாம். மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார்:

"அண்ணே, எங்க ஊர்ல அந்தச் சின்ன வண்டிக்கே குட்டி யானைன்னுதான் பேரு. நீங்க எதுக்குப் பெரிய யானையைச் சந்துக்குள்ள தள்றீங்க?"

பூக்கடை அக்கா

அதை அப்படியே முதலாளியிடம் சொன்னேன். சிரித்தார், பிறகு யோசித்தார். இப்போது அந்த மையத்துக்குச் சின்ன வேன்தான் போகிறது. வேனுக்கும் இடம் வேண்டுமே? கடை வாசலில் வேன் நிற்க இடம் கேட்டு நர்ஸ் அக்கம்பக்கத்துக் கடைகளில் பேசினார். முதலில் சரியென்றவர் பூக்கடை அக்கா. அவர் கணவருக்கு அந்த மையத்தில்தான் சிகிச்சை. வேன் வரும் காலைகளில் தன் கடை வாசலை யாரும் அடைக்காமல் அவரே பார்த்துக்கொள்கிறார்.

போன வாரம் பளபளவென்று ஒரு கார் வந்து நின்றது. "அஞ்சு நிமிஷம்தான் அக்கா" என்றார் அதிலிருந்தவர். அக்கா பூத்தொடுப்பதை நிறுத்தாமல் சொன்ன பதிலில் கார் நகர்ந்துவிட்டது.

"சார், எங்க வீட்டுக்காரர் ரத்தம் சுத்தமாகணும். உங்க அஞ்சு நிமிஷத்த வேற எடத்துல வச்சுக்குங்க லா."

மற்ற ஊர்களில் சட்டம் செய்கிற வேலையை இந்தத் தெருவில் இப்போதைக்கு ஓர் அக்கா செய்கிறார், சரக்கு இறக்கும் இடமென்று மாநகராட்சி மஞ்சள் கோடு போட்டுத் தரும்வரை அவருக்கு லீவு கிடையாது.