நாட் பேட் என்று சொன்னேன்

பதுளையில் ஆங்கில டியூஷனுக்குப் போன காலத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தவை ‘நாட் பேட்’, ‘இட்ஸ் ஓகே’, ‘ஐ டோன்ட் மைண்ட்’ மாதிரியான சொற்கள்தான். ஆகா ஓகோவென்று குதிக்காத ஆங்கிலம். தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பேச்சும் அப்படித்தான். பிள்ளை கொழுகொழுவென்று இருந்தாலும் “ஏதோ இருக்கான்” என்பார்கள். சந்தோஷத்தை வாய்விட்டுச் சொன்னால் கண்ணு பட்டுவிடுமாம். நான் ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட அம்மா எல்லாரிடமும் “பரவால்ல” என்றுதான் சொன்னார்.

எங்கள் நமுனுகுல மலைப் பக்கம் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா ஒன்றை ஹோட்டலாக மாற்றியிருந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தேயிலை மலையைச் சுற்றிக் காட்டும் வேலைக்கு என்னை இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். அது கிடைக்காவிட்டால் கொழும்பில் கார்மென்ட்ஸ் ஃபேக்டரிக்குப் போக வேண்டியதுதான். எனக்கோ மலையை விட்டு இறங்க இஷ்டமே இல்லை. அம்மா அன்று கொழுந்து பறிக்கப் போகாமல் என்னோடு வந்து கேட்டுக்கு வெளியே நின்றார்.

கொழும்பிலிருந்து வந்திருந்த பெண் மேனேஜர் ஆங்கிலத்தில் கேட்டார். இந்த மலை பிடிக்குமா? “இட்ஸ் ஓகே” என்றேன். ஆட்களோடு பேசப் பிடிக்குமா? “நாட் பேட்.” இந்த வேலையில் விருப்பமா? “ஐ டோன்ட் மைண்ட், மேடம்.” ஆசை கண்ணில் தெரிந்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர் பேனாவை மூடிவிட்டுத் தமிழில் சொன்னார். “உங்களுக்கு இதுல அவ்வளவா இஷ்டம் இல்ல போல. சரி, போயிட்டு வாங்க.”

வெளியே வந்து நடந்ததைச் சொன்னதும் அம்மா தலையில் கைவைத்தார்.

“அடிப்பாவி! வேணும்னு வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதானே?”

“நீதானேம்மா வாயத் தொறந்தா கண்ணு பட்டுரும்னு சொன்ன?”

“அது லயத்துலடி! இங்க நம்மள யாருக்குத் தெரியும்?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்தக் கோபத்தோடேயே திரும்ப உள்ளே போனேன்.

“மேடம், ஐ வாண்ட் திஸ் ஜாப் வெரி மச்” என்று ஆரம்பித்து, மிச்சத்தைத் தமிழிலேயே கொட்டினேன். “இந்த மலைன்னா எனக்கு உசுருங்க. எங்கம்மா கொழுந்து பறிக்கிற மலைய நான்தாங்க காட்டணும்.” கண்ணு பட்டால் படட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தது.

அவர் சிரித்துவிட்டார். “இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே! திங்கக்கிழமை வேலைக்கு வாங்க.”

லயத்துக்குள் நுழையும்போதே பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். “என்னங்க, மகளுக்கு வேல கெடச்சிருச்சா?”

“ஏதோ, பரவால்லங்க” என்றார் அம்மா. சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி, எனக்குச் சுற்றிப் போட உப்பும் மிளகாயும் எடுக்க உள்ளே ஓடினார்.