யோகேஸ்வரி பேரில் விழுந்த அய்யம்மாள்

மாடத்தியின் கைகள் ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தன. சலவைத் தொட்டியிலிருந்து வந்த பேண்டேஜ் துணி. காய்ந்தால் ஊதினாலே பறக்கும். தண்ணீர் குடித்திருக்கும்போது தோளைப் பிடுங்கும். ஒரு முனை மாடத்தியிடம், மறுமுனை எதிரே நிற்கும் பாண்டிசெல்வியிடம். இரண்டு உதறு, ஒரு இழுப்பு, கயிற்றின் மேல் ஒரு வீச்சு. பத்தொன்பது வருஷமாக இதே வேலை. ராஜபாளையத்திலிருந்து ஆலங்குளம் போகிற ரோட்டோரம் இருந்த அந்தத் துணி காயப்போடும் களத்தில் அவளையும் சேர்த்து எட்டுப் பெண்கள், அவள்தான் பொறுப்பு. எட்டாவது வரை படித்தவள் என்பதால் வேலைக்கு வந்தவர்கள் பேரை எழுதும் மஸ்டர் நோட்டும் அவள் கையில் இருந்தது.

மே மாதம் பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. “இன்னிக்கு வெயில் நல்லாருக்கு” என்று காலையில் சூப்பர்வைசர் பொன்னுராஜ் சொல்லிவிட்டுப் போனான். துணி இரண்டு மணி நேரத்தில் காய்ந்தால் அது நல்ல வெயில். அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் காய்ந்தது. அதனால் தொட்டியிலிருந்து இரட்டிப்புத் துணி வந்தது. வெயில் ஏற ஏற வேலையும் ஏறும் என்பது அந்தக் களத்தின் கணக்கு.

களத்தில் இன்னொரு பழக்கமும் உண்டு. ஒருத்தி நாலு நாள் வரமுடியாவிட்டால் தனக்குப் பதிலாக ஓர் ஆளை அனுப்பிவிட்டுப் போவாள். வந்தவள் வேலை பார்ப்பாள். மஸ்டரில் போனவள் பேர் இருக்கும். போனவளுக்கு இடம் பறிபோகாது, வந்தவளுக்குக் கூலி கிடைக்கும். யாருக்கும் இதில் தப்புத் தெரிந்ததில்லை. யோகேஸ்வரி தலைப்பிரசவத்துக்குத் தளவாய்புரத்தில் அம்மா வீட்டுக்குப் போனதிலிருந்து அவள் இடத்தில் அய்யம்மாள் வந்துகொண்டிருந்தாள். யோகேஸ்வரிக்கு வயது இருபத்தொன்பது. அய்யம்மாளுக்கு ஐம்பத்து நாலு.

ஏப்ரலில் கம்பெனி எல்லோருக்கும் இன்சூரன்ஸ் எடுத்தது. பொன்னுராஜ் வந்து, “பதிலாளு ஆதார் ஜெராக்ஸும் குடுங்கக்கா, சேத்துருதேன்” என்றான். அய்யம்மாளின் ஆதார் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகள் செல்வலட்சுமி வீட்டில் கிடந்தது. பஸ் ஏறினால் அரை மணி நேரம். “யோகேஸ்வரி ரெண்டு மாசத்துல வந்துருவா தம்பி. அதுக்கு எதுக்கு அலைச்சல்” என்று சொன்னது மாடத்திதான். எட்டு அட்டைகள் வந்தன. யோகேஸ்வரியின் அட்டை பொன்னுராஜின் மேஜையில் இருந்தது.

பன்னிரண்டரை மணி இருக்கும். பாண்டிசெல்வி சிரித்தாள். “மாடத்தியக்கா, அங்க பாருங்க. அய்யம்மாக்கா காத்தைக் காயப்போடுதாக.”

அய்யம்மாளின் கையில் துணியே இல்லை. வெறுங்கையைக் கயிற்றின் மேல் வீசிக்கொண்டிருந்தாள். மாடத்தி பக்கத்தில் போனாள்.

“என்னக்கா செய்யுதிய?”

“ஏட்டி செல்வா, மாட்டுக்குத் தண்ணி காட்டுனியா?” என்றாள் அய்யம்மாள், மாடத்தியின் முகத்தைப் பார்த்தே, மகளிடம் கேட்பதுபோல.

அய்யம்மாள் மாட்டை விற்றுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. மாடத்தி அவள் கழுத்தில் கைவைத்தாள். தோசைக்கல் போலச் சுட்டது. காலையில் வேர்த்து ஊற்றியவள் உடம்பில் இப்போது ஒரு பொட்டு வேர்வை இல்லை. கையை எடுப்பதற்குள் அய்யம்மாள் முழங்கால் மடங்கிச் சரிந்தாள்.

நாலு பேர் தூக்கிக் கொட்டகை நிழலில் போட்டார்கள். பாண்டிசெல்வி 108-க்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். எதிர்முனையில் பேசிய பெண் பதறவில்லை. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், துணியைத் தளர்த்துங்கள், உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் குளிர்ந்த ஈரத் துணி வையுங்கள், நினைவு தெளிவில்லாதபோது வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மாடத்தி கயிற்றில் கிடந்த துணியை உருவினாள். குடிதண்ணீர்க் குடத்தில் முக்கி அய்யம்மாளைச் சுற்றினாள். இரண்டு பேர் அட்டைப் பெட்டியைக் கிழித்து விசிறினார்கள். யாரோ சர்பத் வாங்கிக்கொண்டு ஓடிவந்து அய்யம்மாளின் வாயருகே கொண்டுபோனார்கள். மாடத்தி கையைத் தட்டிவிட்டாள்.

குடத்தில் தண்ணீர் ஏறக்குறைய நிறைய இருந்ததை அப்போதுதான் பார்த்தாள். எட்டுப் பெண்கள், அரை நாள், குடம் குறையவில்லை. கக்கூஸ் ஆண்கள் பக்கம், பாய்லர் கொட்டகைக்குப் பின்னால். சாவி பொன்னுராஜிடம். ஒவ்வொரு தடவையும் அவனிடம் போய்க் கேட்க வேண்டும் என்று பெண்கள் உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி. மாடத்தியும் அப்படித்தான்.

ஆம்புலன்சில் மாடத்தி ஏறினாள். ஏறும்போதே பாண்டிசெல்வியின் போனில் செல்வலட்சுமிக்குச் சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது பொன்னுராஜ் பைக்கில் முந்திக்கொண்டு வந்து நின்றான். கையில் யோகேஸ்வரியின் அட்டை.

“மஸ்டர்ல யாரு பேருக்கா இருக்கு?” என்றான் மெதுவாக. “நீங்கதான எழுதுனது. பேரு இல்லாத ஆளு களத்துல விழுந்தான்னா கம்பெனிக்கும் கேள்வி, உங்களுக்கும் கேள்வி. பேசாம இருங்க.”

மாடத்தி பேசாமல் இருந்தாள். ஏப்ரலில் ஆதார் எதுக்கு என்றதற்கு அடுத்து, அது அவள் செய்த இரண்டாவது தப்பு.

உள்ளே நர்ஸ் நஸீபா அட்டையைப் பார்த்தாள், கட்டிலைப் பார்த்தாள். “இருபத்தொன்பது வயசா இவங்களுக்கு?”

“வெயில்ல வேலை பாக்குறவுகல்லா. அப்படித்தான் தெரியும்” என்றான் பொன்னுராஜ்.

“சுகர், பிரஷர், வேற ஏதாச்சும் மாத்திரை?”

“ஒண்ணும் கிடையாது.”

அய்யம்மாள் ஆறு வருஷமாகப் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். அதோடு, நீர் பிரிய ஒரு வெள்ளை மாத்திரை. தினமும் காலையில் களத்துக்கு வந்ததும் மாடத்தியின் கண் முன்னால்தான் குடத்திலிருந்து தண்ணீர் மோந்து மாத்திரை போடுவாள். நஸீபா எழுதிக்கொண்டு போனாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்த மாடத்திக்குத் தன் ஈரக் கை காய்வது தெரிந்தது.

முக்கால் மணி நேரம் கழித்து வாசலில் ஒரு அழுகைச் சத்தம். செல்வலட்சுமி. கையில் ஒரு பை, காலில் செருப்பில்லை.

“அய்யம்மான்னு யாருமே வரலைங்காக அத்தை” என்றாள். “ரெண்டு வாட்டி கேட்டுட்டேன். எங்கம்மாவ எங்க கொண்டு போனிய? இருக்காளா, சொல்லுங்க.”

மாடத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு பொன்னுராஜைத் திரும்பிப் பார்த்தாள். “தம்பி, இவ அம்மாவுக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா செத்தது யோகேஸ்வரின்னு எழுதுவாகளா?”

“ஏங்க்கா அப்படிப் பேசுதிய…”

“அவ அங்க பிள்ளை பெறப் போயிருக்கா. இவளுக்கு அழுவதுக்கு அம்மா பேருகூட இருக்காது. சொல்லு, யாரு பேரச் சொல்லி அழுவா இவ?”

பொன்னுராஜ் கெட்டவன் இல்லை. அவனுக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள், மேலே ஒரு முதலாளி.

மாடத்தி நேராக உள்ளே போனாள். “அம்மா, அது யோகேஸ்வரி இல்ல. அய்யம்மாள், ஐம்பத்து நாலு வயசு. பிரஷர் மாத்திரை போடுதாக, நீர் பிரியிற மாத்திரையும் போடுதாக. இன்னிக்குக் காலையில ரெண்டும் போட்டாக, நான் பாத்தேன். நாந்தான் பேர மாத்தி எழுதுனேன்.”

நஸீபா திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, “வந்ததும் சொல்லியிருக்கணும்” என்று மட்டும் சொன்னாள். செல்வலட்சுமி பையைத் துழாவி ஆதார் அட்டையை எடுத்தாள். ஏப்ரலில் வந்திருக்க வேண்டிய அட்டை. கட்டிலின் தலைமாட்டில் பழைய பேரை அடித்துப் புதுப் பேரை எழுதினார்கள். ரத்தம் மறுபடி எடுத்தார்கள். ஏற்றுகிற மருந்தில் எதையோ மாற்றினார்கள்.

சாயங்காலம் டாக்டர் சொன்னார்: காய்ச்சல் இறங்கியிருக்கிறது, மூத்திரம் சரியாகப் பிரியவில்லை, கிட்னியை இரண்டு நாள் பார்த்துத்தான் சொல்ல முடியும். அந்த முக்கால் மணி நேரத்தால் ஏதாவது ஆகியிருக்குமா என்று மாடத்தி கேட்டாள். அவர், “தெரியாதும்மா” என்றார். அய்யம்மாள் ஒருதரம் கண் திறந்தாள். மகளை யாரென்று கேட்டாள். திரும்பவும் தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு மாடத்தி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே களத்துக்கு வந்தாள். மஸ்டர் நோட்டைத் திறந்தாள். யோகேஸ்வரி ஊருக்குப் போன பிறகும் அவள் பேர் எழுதியிருந்த ஒவ்வொரு நாளையும் கோடிட்டு அடித்து, பக்கத்தில் அய்யம்மாள் என்று எழுதினாள். நேற்றைய நாளுக்கு எதிரே, ‘பகல் பன்னிரண்டரை மணி, களத்தில் வேலை செய்யும்போது விழுந்தாள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மற்றப் பெண்களும் போட்டார்கள். பாண்டிசெல்வி அதைப் போட்டோ எடுத்துச் செல்வலட்சுமிக்கு அனுப்பினாள்.

பொன்னுராஜ் வந்தான். “முதலாளி உங்களை வரச் சொன்னாருக்கா. கோவத்துல இருக்காரு.”

“பத்து மணிக்கு வாரேன். பத்து மணிக்குப் பொறவு சாயங்காலம் வரை களத்துல ஒருத்தியும் நிக்க மாட்டா. அதையும் அவருகிட்ட நானே சொல்லிக்கிடுதேன்.”

“வேலைய விட்டு நிறுத்துனா?”

“அய்யம்மாக்கா இங்கதான் வேலை பாத்தாகன்னு அப்பவும் சொல்லுவேன்” என்று, நேற்று ராத்திரியே எடுத்து வைத்திருந்த அய்யம்மாளின் ஆதார் ஜெராக்ஸை அவன் சட்டைப் பையில் வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். “கக்கூஸ் சாவியக் குடு.”

அவன் கொடுத்தான். மாடத்தி அதைத் தண்ணீர்க் குடத்துக்கு மேலே இருந்த ஆணியில் மாட்டினாள். பெண்கள் வரிசையாக வந்து, அவள் கண் முன்னால் ஆளுக்கொரு செம்புத் தண்ணீர் குடித்தார்கள். அதற்குப் பிறகுதான் முதல் துணியை எடுத்து உதறினார்கள்.