ஏழாம் பக்கத்தில் நின்றவர்கள்

என் மேசை இழுப்பறையில் ஒரு பென்சில் கிடக்கிறது. பாதிதான் தேய்ந்திருக்கிறது, ஆனால் அதன் தலையிலிருந்த ரப்பர் முழுவதும் தீர்ந்து தகரம் தெரிகிறது. அது என்னுடையது இல்லை. ஜார்ஜ் டவுனில் ஒரு தர்ம டயாலிசிஸ் மையத்தின் கவுண்டரிலிருந்து எடுத்து வந்தேன். எடுத்து வந்தேன் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். உண்மையில், ஒருவர் மேல் பழி சொல்லச் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அந்த ஒருவர் மிஸ்ஸி. நர்ஸ்களை எங்கள் ஊரில் அப்படித்தான் அழைப்போம். சிறுநீரகம் கெட்டவர்கள் வாரத்துக்கு மூன்று முறை அங்கே வந்து மிஷினில் படுப்பார்கள். குறைந்த கட்டணத்தில் இடம் நிலைக்க வேண்டுமென்றால் வருடா வருடம் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும். மலாயில் போராங் என்று நாங்கள் சொல்லும் அந்தப் படிவத்தை மிஸ்ஸிதான் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டுப் பென்சிலால் நிரப்புவார். அதை இணையத்துக்கு மாற்றும் வேலை என்னிடம் வந்தது.

நீளமான படிவத்தை ஆட்கள் பாதியில் போட்டுவிட்டு ஓடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. அறுபது கேள்விகளை ஏழு பக்கமாகப் பிரித்தேன். எடுத்தவுடன் ஐசி, அதாவது அடையாள அட்டை, எண்ணைக் கேட்டால் ஆள் மிரண்டுவிடுவார். ஆகவே, யாரோடு வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள் என்று ஆரம்பித்தேன். இந்த வரிசையை மிஸ்ஸி கேட்பதைப் பார்த்துத்தான் திருடினேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. சம்பளம் கேட்கும் இடத்தில், ஏன் கேட்கிறோம் என்று ஒரு வரி வைத்தேன். நிறுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இன்னும் எவ்வளவு பாக்கி என்று காட்ட மேலே ஒரு பச்சைக் கோடு. ஏழாம் பக்கத்தில் ஒப்புதல் வாசகம், ஒரு கட்டம், ஒரு பொத்தான். அவ்வளவுதான்.

கவுண்டரில் அதைக் காட்டியபோது மிஸ்ஸி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதெல்லாம் வேற யாரு பாப்பாங்க தங்கச்சி?"

"சென்டர் மட்டுந்தான் மிஸ்ஸி. வேற யாரும் இல்லலா."

வாய்க்கு வந்த பதில். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கைப்பேசியை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை தள்ளிப் படித்தார். திருப்பிக் கொடுத்தார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்குத் தலைவலிதான். படிவத்தைத் தொடங்கியவர்கள் ஆறு பக்கத்தையும் ஒழுங்காக முடித்தார்கள். ஏழாம் பக்கத்துக்கு வந்ததும் மூடிவிட்டார்கள். சோர்ந்துபோய் விடுபவர்கள் ஆளுக்கொரு இடத்தில் விடுவார்கள். எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் என்றால் யாரோ நிறுத்துகிறார்கள். நான் சந்தேகப் பிராணி. நேரே மையத்துக்குப் போய், மருந்துப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். நினைத்தது சரி. மிஸ்ஸி ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் குனிந்து ஏதோ சொன்னார். அவர்கள் கைப்பேசியை மூடி வைத்தார்கள். பிறகு அவர் பழைய காகிதத்தையும் பென்சிலையும் எடுத்தார்.

மதியம் அவர் சாப்பிடப் போனதும் கோப்பைப் பிரித்தேன். தயங்கவே இல்லை, அதை இப்போது நினைத்தால்தான் கூசுகிறது. பல காகிதங்களில் 'வேலை செய்யும் இடம்' என்ற கட்டத்தில் எழுதி அழித்த தடம். பேர் தெரியாதபடி தேய்த்திருந்தது. படம் எடுத்தேன், பென்சிலையும் பையில் போட்டேன், மையத்தின் மேனேஜரிடம் போனேன். விவரங்களை அழித்துத் திருத்துகிறார், வேலை போய்விடும் என்ற பயத்தில் ஆட்களைத் தடுக்கிறார் என்றேன். அந்த வாரமே மிஸ்ஸியைக் கெப்பாலா பத்தாஸ் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். போகும்போது யாரிடமும் சண்டை போடவில்லை. பென்சிலைத்தான் தேடிக்கொண்டிருந்தார் என்று கவுண்டரில் சொன்னார்கள்.

மிஸ்ஸி போனதும் எல்லாரும் ஏழாம் பக்கத்தைத் தாண்டினார்கள். விட்டவர் ஒருவர்கூட இல்லை. மேனேஜர் எனக்கு நாசி கண்டார் சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். நன்றாகச் சாப்பிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஸ்டோர் அண்ணன் என் அலுவலகப் படியேறி வந்தார். ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் வேலை பார்த்தவர். ஷிப்ட் முடிந்து வந்து மிஷினில் படுப்பவர். நோய் விஷயம் வேலையிடத்தில் யாருக்கும் தெரியாது.

"தங்கச்சி, என் பேரு எப்புடி எங்க கம்பெனிக்குப் போச்சி? பாஸ் கூப்ட்டு ஒடம்பு எப்புடி இருக்குன்னு கேக்குறாரு. இப்ப கான்ட்ராக்ட் தொடரலன்னுட்டாங்க."

மையத்துக்கு நன்கொடை தரும் கம்பெனிகளுக்கு மேனேஜர் நன்றிக் கடிதம் அனுப்பியிருந்தார், பயன் பெற்றவர்களின் பேரும் வேலையிடமும் சேர்த்து. அண்ணனின் கம்பெனியும் அதில் ஒன்று. கேட்டபோது மேனேஜர் கூலாகச் சொன்னார்: "ஒங்க போராங்லயே பர்மிஷன் இருக்கேமா."

இருந்தது. ஏழாம் பக்கத்து வாசகத்தை நான் எழுதவில்லை. முன்பு ஒரு பேரங்காடியின் உறுப்பினர் அட்டைக்குச் செய்த படிவத்திலிருந்து அப்படியே வெட்டி ஒட்டியிருந்தேன். 'உங்கள் விவரங்கள் எங்கள் புரவலர்களுடன் பகிரப்படலாம்.' அறுபது கேள்விகளையும் இழைத்து இழைத்துச் செய்தவள் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை. படித்தவர் மிஸ்ஸி ஒருவர்தான்.

"மிஸ்ஸி இருந்தப்ப, வேல செய்யுற எடத்த எழுதிட்டு, 'வெளிய தெரிஞ்சா பரவால்லயாண்ணே'ன்னு ஒரு வாட்டி கேப்பாங்க. வேணாம்னா அழிச்சிடுவாங்க. இதுல எங்க அழிக்கிறது?" என்று கேட்டார் அண்ணன். அதட்டிக்கூடப் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது. அவர் முன்னால் அழுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

அந்த வரியை அன்றே எடுத்தேன். போன கடிதங்களைத் திருப்பி வாங்க முடியவில்லை. அண்ணன் இப்போது ஒரு கார் நிறுத்துமிடத்தில் காவலுக்கு இருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை பெரிக் கப்பல் ஏறி அக்கரைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்துக் கெப்பாலா பத்தாஸ் போனேன். மிஸ்ஸி கவுண்டரில் இருந்தார், கையில் புதுப் பென்சில். நடந்ததை எல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் நிமிர்ந்து என்னை அல்ல, என் பையைப் பார்த்தார்.

"அன்னிக்கி யாரு பாப்பாங்கன்னு கேட்டப்பவே பொய் சொன்ன. இப்ப எதுல சைன் வாங்க வந்திருக்க?"

பொய் இல்லை மிஸ்ஸி, தெரியாமல் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தேன். அண்ணனுக்கு இரண்டும் ஒன்றுதானே என்று பட்டது. பையில் இருந்த பென்சிலை வெளியே எடுக்கத் தைரியம் வரவில்லை. அதோடு திரும்பி வந்தேன்.

போன வாரம், நான் செய்து கொடுத்த வேறொரு படிவத்தைப் பற்றி ஒரு வாடிக்கையாளர் போனில் சந்தோஷப்பட்டார். தொடங்கிய எல்லாருமே கடைசி வரை நிரப்பிவிட்டார்களாம். முன்பென்றால் துள்ளியிருப்பேன். இப்போது சந்தேகம்தான் வந்தது. நிரப்பும்போது கேட்டு எழுதக் கவுண்டரில் யாராவது உட்கார்ந்திருந்தார்களா என்று கேட்டேன்.

"யாரும் இல்லலா, அதானே வசதி," என்றார்.

போனை வைத்துவிட்டுக் கடைசிப் பக்கத்தை அச்சடித்தேன். இழுப்பறையைத் திறந்து மிஸ்ஸியின் பென்சிலை எடுத்து வரி வரியாகப் படித்தேன். நடுவில் ஒரு வரி உறுத்தியது. அழிக்க ரப்பர் இல்லை. கோடு போட்டு அடித்தேன்.