எடுத்த இடத்து வலி

பித்தப்பையை எடுத்து ஒரு வருடம் கழித்து, அது இருந்த இடத்திலேயே வலி திரும்ப வந்தது. சாப்பிட்டு எழுந்தால் போதும், வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகு வரை இழுக்கும். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றார்கள். ரத்தத்திலும் ஒன்றுமில்லையாம்.

“எடுத்துப் போட்ட பை எப்படி அண்ணி வலிக்கும்? நாகூருக்குப் போய் ஒரு கயிறு கட்டிக்கிட்டு வந்துடுங்க” என்றாள் நாத்தனார். பேய் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வீட்டில் யாருமில்லாத மத்தியானங்களில், எடுத்ததுதான் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறதோ என்று நானே பயந்திருக்கிறேன். என் வலியை நம்பிய ஒரே ஆள் என் கணவர். அந்த ஒருவர் போதும் என்றிருந்தேன்.

தஞ்சாவூர் டாக்டர் படம் வரைந்து காட்டினார். பித்தக்குழாய் குடலில் சேரும் இடத்தில் ஒரு சின்னத் தசை வளையம். அது இறுகிக்கொண்டால் வலிக்கலாம்.

“சந்தேகம்தாம்மா. வாய் வழியா எண்டோஸ்கோப்பி விட்டு அந்த வளையத்தை லேசா வெட்டி விடலாம். ஆனா கணையம் வீங்குற ஆபத்து இருக்கு.”

“மதகு திறக்காத வாய்க்கால் மாதிரிதானே சார்?” என்றார் என் கணவர். நெல் போடுகிற மனிதருக்கு வேறெப்படிப் புரியும்?

மயக்கம் தெளிந்தபோது, “முடிஞ்சிடுச்சு” என்றார் என் கணவர். தொண்டை எரிந்தது. வலி போயே போய்விட்டது. தாராசுரத்தில் ஒரு கல்யாணத்தில் இரண்டு வடை, நெய் ஊற்றிய சாம்பார் சாதம் எல்லாம் சாப்பிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. நாத்தனாரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன், வேண்டுமென்றேதான்.

நெல் அறுப்பு முடிந்து மறுபடி காட்டப் போனபோது டாக்டர் சாதாரணமாகச் சொன்னார்: “அன்னைக்கு வெட்டலைம்மா. குழாய்க்குள்ள விட்ட கம்பி கணையத்துப் பக்கமே போயிட்டிருந்துச்சு. ஆபத்துன்னு வெளியே வந்துட்டோம். சார்கிட்ட அப்பவே சொன்னேனே. இப்ப வலி இல்லைன்னா சந்தோஷம்தான்.”

பஸ்ஸில் கேட்டேன். “ஏங்க சொல்லல?”

“கண்ணு முழிச்சதும் வலி இல்லைன்னு சிரிச்ச. சொல்ல மனசு வரல.”

“அப்ப என் வலி பொய்யா?”

மன்னார்குடியில் கேட்டதற்குத் திருத்துறைப்பூண்டி நெருங்கும்போதுதான் பதில் வந்தது. “நான் அப்படிச் சொன்னனா?”

மறுநாள் மத்தியானம் அது வந்தது. அதே இடம், அதே பிடி. எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

“என்ன?”

“ஒண்ணுமில்லைங்க. மோர் ஊத்தட்டுமா?” என்று எழுந்தேன்.